ஒரே பேனாவில் நிரப்பிய ரிஜிஸ்டர்

ஏதாவது ஒரு கல்லூரியின் தீயணைப்புக் கருவிப் பரிசோதனை ரிஜிஸ்டரை எடுத்து, ஜூன் முதல் மே வரை உள்ள பன்னிரண்டு வரிகளையும் ஒருமுறை பாருங்கள். பன்னிரண்டு மாதமும் ஒரே நீல மை, ஒரே சாய்வு, ஒரே கையெழுத்து, ‘நன்று’ என்று ஒரே சொல். இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின வாரம் ஒரே மேசையில் உட்கார்ந்து நிரப்பியது என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் வேண்டாம். ஆய்வுக் குழு இதைப் பெரும்பாலும் தோண்டாது. அவர்களுக்கு நேரம் கிடையாது, மதியச் சாப்பாட்டுக்குள் நான்கு துறைகளை முடித்தாக வேண்டும். ஆனால் விபத்துக்குப் பிறகு வருகிற போலீஸ் இன்ஸ்பெக்டரும் எதிர்த்தரப்பு வக்கீலும் அப்படியில்லை. அவர்கள் கேட்பது எளிய கேள்வி: 2024 மார்ச் 3 ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே, இதில் கையெழுத்துப் போட்டவர் அன்றைக்கு எங்கே இருந்தார்?

தமிழ்நாட்டுத் தனியார் கல்லூரிகளில் விதிமுறைகளுக்குப் பஞ்சமில்லை. தொழில்நுட்பக் கல்விக்கான ஏ.ஐ.சி.டி.இ., பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி., இணைப்புப் பல்கலைக்கழகம், தரமதிப்பீட்டு அமைப்பான நாக், தீயணைப்புத் துறை, ஆர்.டி.ஓ., உணவுப் பாதுகாப்புத் துறை, பி.எஃப். அலுவலகம் என்று ஆளுக்கொரு ஃபைல் இருக்கும். ஃபைல்கள் சுத்தமாகவும் இருக்கும். காரியம் கெடுவது வேறு இடத்தில். ஒவ்வொரு விதிக்கும் ஒரு தேதி உண்டு. அந்தத் தேதி யாருடைய தலையில் இருக்கிறது என்று கேட்டால் ஆபீஸில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கீழே வருவதெல்லாம் அந்தத் தேதிகளைப் பற்றியும், அவற்றைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய ஆட்களைப் பற்றியும்தான்.

முதலில் நடக்க வேண்டும்

வளாகத்தின் ஆபத்துகளைப் பட்டியலிடும் ரிஸ்க் ரிஜிஸ்டர் என்றதும் இணையத்திலிருந்து ஒரு எக்ஸெல் மாதிரியை இறக்கி, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட்டு, சிவப்பு, மஞ்சள், பச்சை அடித்து வைத்துவிடுவது வழக்கம். அந்த வண்ணப் பெட்டிகளால் கல்லூரிக்கு ஒரு பயனும் இல்லை. நிலநடுக்கத்துக்கும் நிலவறைத் தண்ணீர்த் தொட்டிக்கும் ஒரே அளவுகோல் வைத்தால், நிலநடுக்கத்துக்கு நாலு பக்கத் திட்டம் தயாராகும், தொட்டியின் மூடி திறந்தே கிடக்கும்.

தொடங்க வேண்டியது காலால். நான்கு பேர் போதும்: நிர்வாக அலுவலர், எலக்ட்ரீஷியன், விடுதி வார்டன், ஒரு லேப் அசிஸ்டென்ட். முதல் நாள் பிரின்சிபால் உடன் வராமல் இருப்பது நல்லது. அவர் வருகிறார் என்றால் பூட்டியிருந்த கதவெல்லாம் பத்து நிமிடம் முன்பே திறந்துவிடும். சாவிக்கொத்தையும் எடுத்துப் போகக் கூடாது. உள்ளே மாணவர்கள் இருக்கும்போது எந்தக் கதவு பூட்டியிருக்கிறதோ அதுதான் ரிஜிஸ்டரின் முதல் வரி. ஒரு சுற்று காலை 11 மணிக்கு, வகுப்பு நடக்கும்போது. இன்னொன்று இரவு 9 மணிக்கு. லைப்ரரியிலிருந்து பெண்கள் விடுதிக்குப் போகும் பாதையில் எத்தனை விளக்கு எரிகிறது, எந்தக் கேமரா மரக்கிளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது பகலில் தெரியாது.

பார்த்ததை எழுத ஐந்து கட்டம் போதும்: என்ன, எங்கே, யார் பொறுப்பு, அடுத்த தேதி, சான்று எங்கே இருக்கிறது. ‘யார் பொறுப்பு’ என்ற கட்டத்தில் ஒரு ஆளின் பெயர் வர வேண்டும். ‘பாதுகாப்புக் கமிட்டி’ என்று எழுதினால் யாருமே பொறுப்பில்லை என்று பொருள். பொறுப்பானவர் வேலையை விட்டுப் போகும்போது, பாக்கி எதுவும் இல்லை என்று காட்டும் நோ ட்யூ படிவத்தில் இந்த வரியையும் இன்னொருவரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். லைசென்ஸ் காலாவதியானதன் பின்னணியைத் தேடினால், பெரும்பாலும் நான்கு மாதம் முன்பு ராஜினாமா செய்த ஒருவரின் மெயில் பெட்டியில் நினைவூட்டல் தூங்கிக்கொண்டிருக்கும். அதனால் அரசு இணையதளங்களில் தனிமனிதரின் செல்போன் எண்ணைக் கொடுக்காமல், கல்லூரி பெயரில் ஒரு சிம்மும் ஒரு பொது மெயிலும் வைத்துக்கொள்ள வேண்டும். ஓ.டி.பி. வராமல் கடைசி நாளைத் தவறவிட்ட கல்லூரிகள் உண்டு.

வரிசைப்படுத்த மூன்றே அடையாளம்: உயிர், உரிமம், பணம். உயிர் என்று குறித்தது அன்றைக்கே சரியாக வேண்டும், அதற்காக பர்ச்சேஸ் கமிட்டி கூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று தாளாளர் ஒரு தொகையை முன்கூட்டியே எழுத்தில் அனுமதித்துவிட வேண்டும். கதவுப் பூட்டை மாற்ற மூன்று கொட்டேஷன் கேட்கிற நிர்வாகத்தில் எந்த ரிஜிஸ்டரும் உதவாது.

உரிமங்கள் ஒன்றையொன்று பிடித்து நிற்கும்

‘அடுத்த தேதி’ என்றால் காலாவதித் தேதி என்று எழுதிவைப்பது முதல் தவறு. எழுத வேண்டியது வேலை தொடங்க வேண்டிய தேதி. தீயணைப்புச் சான்று ஆகஸ்ட் 31 வரை என்றால், ரிஜிஸ்டரில் ஜூன் 1 வர வேண்டும். விண்ணப்பித்ததும் நிலைய அலுவலர் வந்து பார்ப்பார், குறை சொல்வார். ஹோஸ் ரீலில் தண்ணீர் அழுத்தம் போதவில்லை என்பார். பம்ப் மாற்ற மூன்று வாரம், மறுபடி ஆய்வுக்கு இரண்டு வாரம். 90 நாள் என்பது தாராளமில்லை.

கட்டட உறுதிச் சான்று, 1965ஆம் ஆண்டின் பொதுக் கட்டட உரிமச் சட்டப்படி தாசில்தார் அலுவலகத்தில் வாங்கும் கட்டட உரிமம், தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று ஆகிய நான்கும் தனித்தனி என்று நினைப்பது இரண்டாவது தவறு. உறுதிச் சான்று இல்லாமல் உரிமம் நகராது. பெண்கள் விடுதிக்கு 2014ஆம் ஆண்டு விடுதிகள் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் பதிவும் உரிமமும் வாங்கப் போனால், மற்ற சான்றுகளைத்தான் முதலில் கேட்பார்கள். ஒன்றின் தேதி விழுந்தால் சீட்டுக்கட்டு போல மற்றதும் விழும். நான்கையும் ஒரே தாளில், எது எதற்கு முன்னால் என்று அம்புக்குறி போட்டு நிர்வாக அலுவலர் மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டிவைப்பது நல்லது. கம்ப்யூட்டருக்குள் இருப்பதை யாரும் திறப்பதில்லை.

இவ்வளவு சான்று எதற்கு என்று சலித்துக்கொள்பவர்களுக்குக் கும்பகோணம் நினைவிருக்க வேண்டும். 2004 ஜூலை 16 அன்று சமையலறைத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் இறந்தார்கள். அது பள்ளி, இது கல்லூரி என்று ஒதுக்க முடியாது. இன்றைய கல்லூரியில் கீற்றுக்குப் பதில் மொட்டைமாடியில் தகர ஷெட் போட்ட ஜிம், கேன்டீன் பின்னால் தார்ப்பாய்ப் பந்தல், ஆடிட்டோரியத்தில் தெர்மாகோல் ஒட்டிய சீலிங் இருக்கின்றன. பிளான் அப்ரூவலில் இவை எதுவும் இருக்காது. நடந்துபோனால்தான் கண்ணில் படும்.

கை வைத்துப் பார்க்க வேண்டியவை

தீயணைப்புக் கருவிக்கு மாதம் ஒரு முறை இரண்டு நிமிடம் போதும். முள் பச்சைப் பகுதியில் இருக்கிறதா, பின்னும் சீலும் உள்ளனவா, ஹோஸ் வாயில் குளவி கூடு கட்டியிருக்கிறதா. கடைசியாகச் சொன்னது வேடிக்கையில்லை, மழைக்குப் பின் அடிக்கடி காண்பது. பவுடர் வகைக் கருவி வருடக்கணக்கில் அசையாமல் தொங்கினால் உள்ளே பவுடர் கட்டிதட்டி அடியில் இறுகிவிடும். முள் பச்சையைக் காட்டும், அழுத்தினால் காற்று மட்டும் வரும். பரிசோதிக்கும்போது இறக்கித் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினால் பவுடர் சரிவது கைக்குத் தெரியும். சர்வர் அறைக்கும் மின்பலகைக்கும் கார்பன் டை ஆக்ஸைடு வகை வேண்டும். அதில் முள்ளே கிடையாது, எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். காலி சிலிண்டரின் எடை மேலேயே பொறித்திருக்கும். அதோடு வாயுவின் எடையைக் கூட்டினால் வருவதைவிடத் தராசு குறைவாகக் காட்டுகிறதா என்று பார்த்து, பத்தில் ஒரு பங்கு வாயு குறைந்திருந்தாலே ரீஃபில்லுக்கு அனுப்பிவிட வேண்டும். ரிஜிஸ்டரில் ‘நன்று’ என்று எழுதாமல் எடையை எழுதச் சொன்னால் போதும், ஒரே நாளில் பன்னிரண்டு மாதத்தை நிரப்புகிற வேலை தானாகக் குறையும். எண் எழுத வேண்டுமென்றால் ஆள் கருவிக்கு அருகில் போயாக வேண்டும்.

இது எல்லா ரிஜிஸ்டருக்கும் பொருந்தும். டிக் அடிக்கும் கட்டத்தை எடுத்துவிட்டு அளவு எழுதும் கட்டத்தை வையுங்கள். எர்த் பிட் சரியா என்று கேட்காமல் எத்தனை ஓம் என்று கேளுங்கள். தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்பதைவிட எவ்வளவு என்பதே கேள்வி.

மின்சாரத்தில் விடுதி வராந்தாவின் வாட்டர் கூலரைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இரும்பு உடம்பு, ஈரத் தரை, வெறுங்கால், மூன்றும் சேரும் இடம் அது. எர்த் வயர் அறுந்திருந்தாலும் கூலர் தண்ணீரைக் குளிர வைத்துக்கொண்டேதான் இருக்கும், அதனால் யாருக்கும் தெரியாது. அந்த லைனுக்கு, மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டு, மாதம் ஒரு முறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தி உடனே விழுகிறதா என்று பார்க்க வேண்டும். விழவில்லை என்றால் கூலரை அணைத்து பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். அடிக்கடி விழுகிறது என்று எலக்ட்ரீஷியனே ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேராக வயர் கொடுத்துவிடுவதும் உண்டு. தொல்லை கொடுக்கிற பாதுகாப்பை அணைத்துவிடுவது மனித சுபாவம், ஆகவே பலகையைத் திறந்து பார்க்காமல் நம்பக் கூடாது.

வேதியியல் லேபில் பாட்டில்களை அகரவரிசையில் அடுக்கியிருந்தால் ஒழுங்கு என்று பாராட்டுவார்கள். அந்த ஒழுங்கில்தான் ஆபத்து. ஆங்கில அகரவரிசையில் அசெட்டோனும் அம்மோனியம் நைட்ரேட்டும் ஒரே தட்டுக்கு வந்துவிடும். ஒன்று எளிதில் பற்றுவது, மற்றொன்று தீக்கு ஆக்ஸிஜன் ஊட்டுவது. வகை பிரித்து அடுக்கி, ஒவ்வொரு வகைக்குள்ளும் அகரவரிசை வைத்துக்கொள்ளலாம். அமிலங்கள் கண் மட்டத்துக்குக் கீழே, தட்டுக்கு அடியில் கசிவைத் தாங்கும் பிளாஸ்டிக் டிரேயோடு இருக்க வேண்டும். நைட்ரிக் அமிலத்துக்குத் தனி டிரே. ஈதர் பாட்டிலைத் திறந்த அன்றே தேதியை மார்க்கரில் எழுத வேண்டும். திறந்து ஆண்டுக்கணக்காகி, மூடியைச் சுற்றி வெள்ளைப் படிகம் தெரிந்தால் அதை யாரும் திருகிப் பார்க்கக் கூடாது, பெராக்ஸைடு வெடிக்கும். சோடியம் வைத்திருக்கும் இடத்தில் மணல் வாளி வேண்டும், தண்ணீர் வாளி கூடாது. கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். குழாய்க்கு முன்னால் ஸ்டூலும் உடைந்த பியூரெட் பெட்டியும் அடுக்கியிருந்தால் அந்த 15 நிமிடத்தில் முதல் இரண்டு நிமிடம் வீண்.

கல்லூரிப் பேருந்துக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று இருக்கிறது என்றால் அன்றைக்குச் சரியாக இருந்தது என்று மட்டுமே பொருள். எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்கிறோம். மீதி நாளெல்லாம் டிரைவர் கண்ணும் கிளீனர் கண்ணும்தான். 2012 ஜூலை 25 அன்று தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்குத் தனி விதிகள் வந்தன. கல்லூரிப் பேருந்துக்கும் பாடம் அதுதான். தளப் பலகையை ரெக்ஸின் விரிப்பை விலக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். அவசரக் கதவின் கைப்பிடியை உள்ளிருந்து ஒரு மாணவி திறக்க முடிகிறதா என்று திறந்தே பார்க்க வேண்டும், துருப்பிடித்து இரண்டு ஆள் இழுத்தால்தான் வரும் கதவுகள் ஏராளம். டிரைவர் விடியற்காலை 5 மணிக்கு வண்டியை எடுத்தவர் என்றால், அன்று இரவு சிம்போசியம் முடிந்த மாணவர்களை இறக்க அவரையே அனுப்பக் கூடாது. ட்ரிப் ஷீட்டில் கிலோமீட்டர் மட்டும் இல்லாமல் டிரைவர் வேலைக்கு வந்த நேரமும் இருந்தால் இது தானாகத் தெரியும்.

மெஸ், தண்ணீர், செப்டிக் டேங்க்

விடுதியில் ஒரே இரவில் நாற்பது பேர் வாந்தி எடுத்தால் மறுநாள் காலை டிவி வேன் வாசலில் நிற்கும். காரணம் பெரும்பாலும் கெட்டுப்போன காய்கறியில்லை, நேரம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் உணவு நிற்கும் நேரம்தான் கிருமிக்குக் கொண்டாட்டம். பெரிய அண்டா சாம்பார் வெளியே ஆறினாலும் நடுவில் மணிக்கணக்காக வெதுவெதுப்பாக இருக்கும். இரவு மீந்த சோறு காலையில் புளிசாதமோ எலுமிச்சைசாதமோ ஆவது சிக்கனம் என்று மெஸ் கான்ட்ராக்டர் சொல்வார். சோற்றில் வளரும் ஒரு வகைப் பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாது, அது விட்ட நஞ்சு தாளிப்பிலும் போகாது. மீந்த சோறு மறுவேளைக்கு வரக் கூடாது என்று கான்ட்ராக்ட்டிலேயே எழுத வேண்டும். ஒவ்வொரு வேளை உணவிலும் ஒரு சிறு டப்பா மாதிரியைத் தேதி, நேரம் ஒட்டி 48 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால், பிரச்சினை வந்தால் எது காரணம் என்று ஆய்வுக்கூடம் சொல்லிவிடும், ஊகமும் வதந்தியும் வேண்டியதில்லை.

தண்ணீர்த் தொட்டியில் குளோரின் போட்டதாக ரிஜிஸ்டர் சொல்லும். பார்க்க வேண்டிய இடம் கடைசி மாடியின் கடைசிக் குழாய். அங்கே குளோரின் அளக்கும் குளோரோஸ்கோப்பில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் போட்டது போதவில்லை, அல்லது நடுவில் எங்கோ கழிவுநீர் கலக்கிறது. மஞ்சள்காமாலை பரவும் விடுதிகளில் சம்ப் என்கிற நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவில் எத்தனை அடி என்று அளந்து பாருங்கள்.

அந்த செப்டிக் டேங்கைக் கல்லூரியின் இடர் என்று யாரும் எழுதுவதில்லை. ஆனால் ஒரு மனிதர் அதற்குள் இறங்கினால், உள்ளே தேங்கிய வாயு சில நொடியில் மயக்கிவிடும். அவரைத் தூக்க இறங்குபவரும் திரும்ப மாட்டார். பாதுகாப்புக் கருவி இல்லாமல் இப்படி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கழிவுநீர்க் குழியில் இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. ‘அது கான்ட்ராக்டர் ஆள்’ என்ற பதில் நிற்காது. உரிமம் பெற்ற லாரியைத்தான் கூப்பிட வேண்டும், 14420 என்ற எண் இதற்கென்றே இருக்கிறது. மூடிக்குப் பூட்டும், ‘யாரும் இறங்கக் கூடாது’ என்ற தமிழ்ப் பலகையும் போட இருநூறு முந்நூறு ரூபாய் ஆகுமா?

புகார் வந்த நாள்

தமிழ்நாட்டுக்கு ராகிங் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1996இல் அண்ணாமலை பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதும், 1997இல் மாநிலம் தனிச் சட்டம் போட்டதும் பலருக்கும் தெரியும். யு.ஜி.சி.யின் 2009ஆம் ஆண்டு விதிகள் சொல்வது இன்னும் நுணுக்கமானது: குற்றம் என்று தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் எஃப்.ஐ.ஆர்., முதல் மூன்று மாதம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை முதலாமாண்டு மாணவர்களிடம் பெயரில்லாக் கருத்துக் கணிப்பு. இந்த இரண்டாவதைச் செய்யும் கல்லூரிகள் குறைவு. செய்கிறவர்களும் வகுப்பில் துறைத் தலைவரான ஹெச்.ஓ.டி. முன்னால் தாளைக் கொடுத்து வாங்குகிறார்கள். மொபைலில், இரவில், விடுதி பிளாக் வாரியாக நான்கே கேள்வி வைத்தால் போதும். ‘சீனியர் வாட்ஸ்அப் குரூப்பில் சேரச் சொன்னார்களா’ என்பது அதில் ஒன்றாக இருக்கட்டும். முதலாமாண்டு மாணவர்களை மிரட்டும் அப்படிப்பட்ட குரூப்புகளையும் ராகிங் என்றே பார்க்க வேண்டும் என்று 2025இல் யு.ஜி.சி. சொல்லியிருக்கிறது.

ராகிங் செய்ய மாட்டேன் என்ற உறுதிமொழிப் பத்திரத்தில் ஒரு சின்ன விஷயம் பெரிதாகக் கெடும். மாணவரும் பெற்றோரும் இணையத்தில் நிரப்ப வேண்டியதை ஆபீஸ் கிளார்க் ஒருவரே மொத்தமாக நிரப்பி, எல்லாருக்கும் தன் மெயிலையும் செல் எண்ணையும் கொடுத்துவிடுவார். எண்ணிக்கை 100 சதவீதம் காட்டும். ராகிங் புகார் எண் 1800-180-5522 என்ற செய்தி பெற்றோருக்கு ஒருபோதும் போய்ச் சேராது.

பாலியல் தொல்லைப் புகாரில் கல்லூரிகள் தோற்பது பெரும்பாலும் கமிட்டி அமைப்பிலேயே. யு.ஜி.சி.யின் 2015ஆம் ஆண்டு விதிப்படி உள் புகார்க் குழுவின் தலைவர் மூத்த பெண் பேராசிரியராக இருக்க வேண்டும். கல்லூரியில் இணைப் பேராசிரியருக்குக் குறையக் கூடாது. உறுப்பினரில் பாதியாவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர், மாணவர் சம்பந்தப்பட்ட புகாரானால் தேர்ந்தெடுத்த மாணவப் பிரதிநிதிகள் மூவர். டீனும் துறைத் தலைவரும் உறுப்பினராகக் கூடாது. பல கல்லூரி இணையதளங்களில் ஹெச்.ஓ.டி. பெயர்தான் இரண்டாவது வரியில் இருக்கிறது. அந்த ஒரு பெயரே பின்னால் விசாரணை முழுவதையும் நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாக்கும்.

அப்புறம் நாள்கணக்கு. புகார் வந்து 7 நாளில் எதிர்த்தரப்புக்கு நகல், அவர் பதில் 10 நாளில், விசாரணை 90 நாளில், அறிக்கை அடுத்த 10 நாளில், நிர்வாகத்தின் நடவடிக்கை 30 நாளில். புகார்த் தாளின் மேல் மூலையில் பெற்ற தேதியையும் நேரத்தையும் அன்றே எழுதவில்லை என்றால் இந்தக் கணக்கு எதுவும் தொடங்காது. ‘முதலில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்’ என்று நல்ல மனதோடு மாணவியைக் கூப்பிட்டுப் பேசுகிற சீனியர் ஆசிரியர்தான் இங்கே பெரிய இடர். சமரசம் புகார் கொடுத்தவர் கேட்டால் மட்டும், அதுவும் பணம் பேசாமல்.

ரகசியம் தனிக் கதை. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் நடந்த வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்ட மாணவியின் விவரத்தோடு எஃப்.ஐ.ஆர். இணையத்தில் கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர உத்தரவிட்டது. கசிந்தது போலீஸ் ஆவணம்தான் என்றாலும், கல்லூரியின் சம்மன் கடிதம், டெஸ்பாட்ச் ரிஜிஸ்டர், ஜெராக்ஸ் மெஷின், ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப் எல்லாம் கசியும் இடங்களே. புகாருக்கு எண் கொடுங்கள், வெளியே போகும் ஒவ்வொரு தாளிலும் அந்த எண் மட்டும் வரட்டும். பெயரும் எண்ணும் சேர்ந்த ஒரே தாள் குழுத் தலைவரின் பீரோவில் இருக்கட்டும்.

மனநலம் பற்றி ஒன்று. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதல்படி 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனம் ஒரு ஆலோசகரையாவது வைத்திருக்க வேண்டும், ஊழியர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை பயிற்சி தர வேண்டும். பயிற்சிக்குப் பேராசிரியர்களை மட்டும் அனுப்புவது வழக்கம். ஒரு பையன் மூன்று நாளாகச் சாப்பிட வரவில்லை என்பது முதலில் தெரிவது மெஸ் பரிமாறுபவருக்கும் விடுதி வாட்ச்மேனுக்கும். அவர்களையும் உட்கார வையுங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண் அறிவிப்புப் பலகையைவிட அறைக் கதவின் உட்புறத்தில் இருப்பது நல்லது.

ஆபீஸ் பக்கம்

ஆசிரியர் பட்டியல் என்றால் 2024 ஜூலை எல்லாருக்கும் நினைவிருக்கும். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகள் 224இல், ஒரே ஆசிரியர் பல கல்லூரிகளில் முழுநேரம் வேலை பார்ப்பதாக 353 பெயர்களை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்டது. 20 மாணவருக்கு ஒரு ஆசிரியர் என்ற ஏ.ஐ.சி.டி.இ. கணக்கை ஆய்வு நாளில் மட்டும் காட்டும் வழக்கத்துக்கு அப்போது விழுந்தது அடி. சுத்தமாக நடத்துகிற கல்லூரியும் இதில் மாட்டலாம். போன வருடம் விலகியவரின் பெயரை, ஆசிரியர் பட்டியல் ஏற்றும் இணையப் போர்ட்டலில் நீக்காமல் விட்டிருந்தால், அவர் புதுக் கல்லூரியில் சேர்ந்த அன்றே இரட்டைப் பதிவு ஆகிவிடும். விலகல் ஆணை கையெழுத்தாகும் அன்றைக்கே நீக்கிவிட்டு ஸ்க்ரீன்ஷாட்டை ஃபைலில் வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை நான்கை ஒப்பிடுங்கள்: சம்பளப் பட்டியல், பி.எஃப். சலான், டைம்டேபிள், போர்ட்டல். நான்கிலும் தலை எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் வந்தால் அன்றே பெயரைக் கண்டுபிடிக்கலாம். ஆண்டு இறுதியில் முடியாது.

கட்டணம் திருப்பித் தருவதில் சண்டை வருவது விவரக் கையேட்டால். யு.ஜி.சி.யின் 2018 அக்டோபர் அறிவிப்பில் ஒரு படிக்கட்டு உண்டு: சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் முழுத் தொகை, அதற்குப் பின் 90, கடைசித் தேதி தாண்டி 15 நாள் வரை 80, 30 நாள் வரை 50 சதவீதம், அதற்குமேல் இல்லை. முழுத் தொகையிலும் நடைமுறைச் செலவுக்கு 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம். ஆனால் ஆண்டுச் சுற்றறிக்கை இதை மாற்றிவிடும். 2024-25க்குச் செப்டம்பர் 30 வரை முழுத் தொகை, அக்டோபர் 31 வரை 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்று வந்தது. ஏப்ரலில் அச்சடித்த கையேட்டில் பழைய படிக்கட்டு இருக்கும், ஜூனில் வந்த சுற்றறிக்கை பிரின்சிபால் மெயிலில் கிடக்கும், அட்மிஷன் கவுன்ட்டரில் இருப்பவர் கையேட்டைக் காட்டி வாதாடுவார். கையேட்டில் சதவீதம் அச்சிடாமல், ‘நடப்பாண்டு யு.ஜி.சி. சுற்றறிக்கைப்படி’ என்று போட்டு, சுற்றறிக்கையை இணையதளத்தில் ஏற்றுவதே வழி. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வதும் அதே 2018 அறிவிப்பில் தடை. மாணவர் முன்னாலேயே சரிபார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பீரோவில் அடுக்கிய பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டுகள் சொத்து என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது பாரம்.

மாணவர் குறைதீர்ப்புக்கு யு.ஜி.சி.யின் 2023ஆம் ஆண்டு விதிகள் 15 வேலை நாள் கொடுக்கின்றன. அதில் தீராவிட்டால் மாணவர் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இந்தக் குழுவின் மினிட்ஸ் பெரும்பாலும் ‘விவாதிக்கப்பட்டது, நடவடிக்கை எடுக்கத் தீர்மானிக்கப்பட்டது’ என்று முடியும். யார், என்ன, எந்தத் தேதிக்குள் என்று மூன்றும் இல்லாத தீர்மானம் தீர்மானமே இல்லை.

சம்பளத்தில் பிடித்த வரி அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள், பி.எஃப்.பும் இ.எஸ்.ஐ.யும் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும் என்பது அக்கவுன்ட்ஸ் பிரிவுக்குத் தெரியும். ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்டர் தன் ஆட்களுக்குக் கட்டினாரா என்று பார்க்கத்தான் ஆளில்லை. அவர் கட்டாவிட்டால் கல்லூரியிடம்தான் வருவார்கள். சலான் நகல் இல்லாமல் அடுத்த மாத பில் பாஸ் ஆகாது என்று ஒரு வரி போதும்.

தப்பித்தது நோட்டு

இத்தனைக்கும் மேல் ஒரு நாற்பது பக்க நோட்டு வேண்டும். மெயின் கேட் வாட்ச்மேன் மேசையில், கயிற்றில் கட்டிய பேனாவோடு. விபத்து நடந்ததை எழுத அல்ல, நடக்க இருந்து தப்பியதை எழுத. மூன்று வரி: என்ன நடக்க இருந்தது, எங்கே, எத்தனை மணிக்கு. யார் வேண்டுமானாலும் எழுதலாம், பெயர் போட வேண்டியதில்லை. நிர்வாக அலுவலர் தினமும் கிளம்பும்போது பார்த்துப் பச்சை மையில் தேதி போட வேண்டும்.

முதல் மாதம் பெரும்பாலும் தெருநாய், எரியாத விளக்கு, பைக் ரேஸ் என்றே வரும். சலித்துக்கொள்ளக் கூடாது. அந்த விளக்கை இரண்டு நாளில் மாற்றியதைப் பார்த்த பிறகுதான் மெஸ் அண்ணன் வந்து ‘கேஸ் ட்யூப் வெடிச்சுக் கெடக்கு சார், போன வாரமே பார்த்தேன்’ என்று எழுதுவார். போன வாரம் ஏன் சொல்லவில்லை என்று அவருக்கு மெமோ கொடுத்தால் நோட்டு அன்றோடு முடிந்தது. ஒரு மாதம் முழுக்க எதுவும் எழுதப்படாமல் இருந்தால் வளாகம் பாதுகாப்பாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வாட்ச்மேனைக் கூப்பிட்டு, பேனாவில் மை இருக்கிறதா என்று கேளுங்கள்.